துவக்கரும் என் வெள்ளைச் சேட்டும்

ஆளை ஆத்திரப்படுத்துவதில் துவக்கருக்கு நிகர், பிரான்சில் எங்கள் தமிழ்ச் சனம் கூடும் லா சப்பலிலேயே ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரன், என் பழைய முதலாளி, ரயிலை நடுவழியில் நிறுத்திவைக்கிறவன் மூன்று பேரையும் சேர்த்தாலும் அவரின் கால்தூசுக்கு வரமாட்டார்கள். அந்த மனுசனோடு ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

துவக்கு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி. ஊரில் அவர் அதைத் தொட்டதே இல்லை. தொடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நாட்டை விட்டே ஓடிவந்தார். ஓடிவந்தவர் சும்மா இருந்தாரா? பழைய சாமான் சந்தையில் ஒரு பிரெஞ்சுக் கிழவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கிழவர் விற்றது முதலாம் உலகப்போர்க் காலத்து ராணுவத் துவக்குகள். குழலை அடைத்து, இனிச் சுடவே முடியாதபடி செய்து, பத்திரத்தோடு சுவரில் மாட்ட விற்பார்கள். கறள், அதுதான் துரு, போக்கித் துலக்கிக் கொடுப்பது இவர் வேலை. அதைக் கடையிலேயே செய்து தொலைத்தால் எனக்கென்ன? துண்டு துண்டாகக் கழற்றி, பாயில் சுற்றி, மெத்ரோவில் ஏற்றி வீட்டுக்கல்லவா கொண்டுவந்தார்!

கிழவர் வாங்கிக் கொடுத்த நல்ல கருவிகள் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. இவருக்கு என் சாமான்தான் வேண்டும். நான் பாணுக்கு பட்டர் பூசும் கத்தியை அரத்தால் ராவி, திருகாணியின் வெட்டுக்கு அளவாக்கினார். பல் டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய பழைய கொக்கியால் இடுக்கு அழுக்கைக் கிண்டினார். என் பல் பிரஷுக்கு நடந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. திருகாணி இறுகிக் கிடந்தால் சூடான கம்பியை அதன் தலையில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் காவல் இருப்பார்.

"சுத்தியலாலை ஒண்டு போட்டால் என்ன அண்ணை?"

"திருகாணியோடை கோவிக்கப்படாது தம்பி. அதுக்கும் ரோசம் இருக்கு."

எனக்கு ரோசம் இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டு அவிக்கப் போனேன். அடுப்பில் ஏற்கெனவே பானை கொதிக்கிறது. மேலே என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய நீத்துப்பெட்டி, புட்டு அவிக்கிற பனையோலைப் பெட்டி. உள்ளே மா இல்லை, துவக்கின் இரும்புத் துண்டுகள். நூறு வருடத்துக் கிறீஸ் உருகித் தண்ணீரில் மிதந்தது.

"உங்களுக்கென்ன விசரே?"

"ஆவி பட்டால்தானே தம்பி இளகும். கழுவிப்போட்டுத் தாறன், நீ அவி."

நான் அன்று பட்டினி. அவர் அதிலேயே அவித்துச் சாப்பிட்டுவிட்டு, வாசமாக இருக்கிறது என்றார்!

அந்த வருடம்தான் குடியுரிமை நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. அகதி கார்ட் வைத்திருப்பவன் ஊருக்குப் போக முடியாது. பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைத்தால், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கலாம். துவக்கரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"அண்ணை, நேர்முகம் முடியுமட்டும் வீட்டுக்குள்ளை துவக்கு வேண்டாம். தமிழன்ர வீட்டிலை துவக்கு எண்டு ஆரும் வாய் திறந்தாலே என்ர கதை முடிஞ்சுது."

"ஓம் ஓம். அம்மாவாணை கொண்டரமாட்டன்."

நேர்முகத்தன்று காலை, இருந்த ஒரே வெள்ளைச் சேட்டை மினுக்க அயன் பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே மண்ணிறத்தில் ஒரு பட்டை. அயன் பெட்டியின் அடியெல்லாம் மர எண்ணெய்!

"துவக்கு எங்கையடா கொண்டந்தனான்? அதின்ர பிடிக்கட்டை மட்டும்தானே! மரத்திலை ஒரு பள்ளம். ஈரத்துணி போட்டு அயன் பெட்டியை வைச்சால் மரம் ஊதி எழும்பும். எழும்பியிட்டுது, தடவிப் பாரன்!"

"நீங்களும் ஒரு மனுசரே? இனி என்ர முகத்திலை முழிக்காதேங்கோ!"

கறைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

அலுவலக வாசலில் சோதனை முடிந்து உள்ளே நிற்கிறேன். மூச்சிரைக்க வருகிறார் துவக்கர். ஒரு கையில் தன்னுடைய கல்யாணவீட்டு வெள்ளைச் சேட்டு. தோளில் வேலைப் பை. அந்தப் பையை வீட்டில் வைத்துவிட்டு வர ஒரு மனிதனுக்குத் தோன்றாதா? மெசின் கத்தியது. ராவிய கத்தி, கொக்கி, கருகிய கம்பி என்று காவலாளி ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினான். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து அவரைச் சூழ்ந்தார்கள்.

"தம்பி!" என்று கூப்பிட்டார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தேன். வெட்கக்கேடு, அப்படித்தான் செய்தேன். காவலாளி என்னிடமே வந்து, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றான். நான் அறிவித்தலின் அடுத்த வரிக்குப் போனேன்.

துவக்கர் முந்திக்கொண்டு, தன் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னார்: "எனக்கு இவரைத் தெரியாது. வேறை ஆரோ எண்டு நினைச்சிட்டன்."

பிறகு என் பக்கம் பார்க்கவேயில்லை. அவரை வாசலோரத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள், சேட்டு அவர் கையிலேயே இருந்தது. ஐந்து வருடமாக நான் கோபப்பட அவர் ஒருவர் இருந்தார். அன்று அந்த ஒரு பொய்யால் கோபத்தை முழுக்க என் மேலேயே திருப்பிவிட்டார். நீத்துப்பெட்டியை மன்னித்தாலும் அதை மன்னிக்கமாட்டேன்.

பாஸ்போட் ஒரு வருடம் பிந்தித்தான் கிடைத்தது. அதற்குக் காரணம் அவரல்ல, என் வாய். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், நேர்முகம் நடத்திய அந்த அம்மா கேட்டார்:

"பிரான்சில் உங்களுக்குக் குடும்பம் யாராவது?"

"ஒரு அண்ணன்."

அவர் தாள்களைப் புரட்டினார். "இலங்கையில் ஒரு அக்கா மட்டும் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?"

"எழுதும்போது விட்டுப்போயிற்று, மதாம். இருக்கிறார். கீழே வாசலில் பிடித்துவைத்திருக்கிறார்கள்."