ஆறு ஸ்பீக்கரும் ஒரு மைத்துனனும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட காரணத்தால் உனக்கு அத்தானாகிவிட்டவன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், நம்ம பிக்கப் வண்டி இதுவரை இல்லாத அளவுக்கு நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் வண்டி எலக்ட்ரிக் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது, கடைசி வரி வரை வாய் மூடிப் படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். பிக்கப்பில் கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த பழைய செட்டைக் கழற்றிவிட்டு, தொடுதிரை வைத்த புது செட், ஆறு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் தும் தும் என்று அதிர ஒரு சப்வூஃபர், அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று எல்லாவற்றையும் என் கையாலேயே மாட்டிவிட்டேன். மெக்கானிக் இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை, முக்கியமாக நீ இல்லை. "அத்தான், நீங்க அதைத் தொடாதீங்க. நான் லீவு போட்டு வர்றேன். நீங்க தொட்டா வண்டி பாடாது, புகையும்" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தேன், நேற்றுதான் கிழித்தேன்.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும், தெரியாத மாதிரி இருக்காதே. என் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பதினோரு நிமிஷம் பேசினாய். "எங்க அத்தானுக்குத் தெரியாத வேலையே கிடையாது, கரண்ட் வேலையை மட்டும் அவர் தொடாம இருந்தா தெருவுக்கே நல்லது" என்று ஆரம்பித்து, நான் காலிங் பெல் ரிப்பேர் செய்யப்போய் பதினாறு வீடு இருட்டான கதையைச் சொல்லி, முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தாய். அதை ஒரு சிடியில் போட்டு அன்பளிப்பாகவும் கொடுத்தாய். நான் வீடு மாற்றித் தரும் தொழில் செய்கிறவன், கையில் கிடைத்ததற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த சிடி மேலும் "உடையும் பொருள், கவனம்" என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அப்படியே வண்டி செட்டுக்குள் தள்ளினேன். உள்ளே சூட்டில் பசை இளகி, சிடி ஒட்டிக்கொண்டது. ஓடும், ஆனால் வெளியே வராது. சத்தம் குறைக்கும் திருகு முந்தின வருஷமே கையோடு வந்துவிட்டது. ஆக, எட்டு மாதமாகச் சாவியைத் திருப்பினால் என்ஜினுக்கு முன்னால் நீ கிளம்பினாய். வாடிக்கையாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் காலிங் பெல் கதை. கண்ணாடி அலமாரியை நம்பி ஏற்றிய ஒருத்தர் பாதிக் கதையில் இறங்கி, அலமாரியைக் கூடவே இறக்கிக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கிற ஆளா? நீ ஒவ்வொரு வரி சொல்லும்போதும் நான் பதில் சொல்வேன். "அது டிரான்ஸ்ஃபார்மர் பழசுடா", "பதினாறு இல்லை, பதினாலு வீடு" என்று. ஒருநாள் உன் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். "தினமும் காலையில தம்பி உங்களைக் கிண்டல் பண்றான், நீங்க தம்பியைத் திட்டுறீங்க. நடுவுல உக்காந்து கேக்க என்னால முடியாது. நான் பஸ்ல வரேன்" என்று இறங்கியவள்தான். மூன்று மாதம் மாப்பிள்ளை. பாத்திரம் பண்டமெல்லாம் காகிதம் சுற்றிக் கட்டுவது அவள், தூக்கி ஏற்றுவது நான். அவள் பஸ் வந்து சேரும்வரை நான் அடுத்தவன் வீட்டு வாசலில் சுருட்டிய கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நிற்பேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை காலி சீட்டில் வைத்துத் தனியாகச் சாப்பிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓட்டுவது வேலையாகவே இல்லை, தண்டனையாக இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து "இடது பக்கம் பாருங்க" என்று சொன்னவள் இல்லாமல், இடது பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தம்பியைக் கூப்பிட்டு செட்டை மாற்றுங்கள், அடுத்த நாளே ஏறி உட்காருகிறேன் என்று அவள் சொல்லாமல் இல்லை. கிண்டல் செய்தவனையே கூப்பிட்டுக் கிண்டலைக் கழற்றச் சொல்வதா? எனக்கும் ஒரு மானம் இருக்கிறது. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

போன ஞாயிறு காலை, வாசலில் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். உன் அக்கா துணைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காதில் அந்த வெள்ளை இயர்போனை மாட்டியிருந்தாள், என்ன என்றேன், பழைய பாட்டு என்றாள். சரி, கேட்டுவிட்டுப் போகட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டியே பாடப்போகிறது என்று விட்டுவிட்டேன். நான் டேஷ்போர்டில் கையை வைக்கிற நேரம், "முதல்ல பேட்டரியில இருக்கிற கறுப்பு ஒயரைக் கழட்டுங்க" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லிக் கழற்றினேன். பிளாஸ்டிக் சட்டத்தை எடுக்கும்போது கொக்கி ரெண்டு உடைந்தது, அது உடைவதற்காகவே வைத்தது போலிருக்கிறது. பழைய செட்டை இழுத்தால், பின்னாலிருந்து குடல் மாதிரி ஒயர்கள். எட்டுக் கலரில். புது செட்டின் ஒயர்களும் எட்டுக் கலர், ஆனால் வேறு எட்டு.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். நான் என் தொழில் மூளையைப் பயன்படுத்தினேன். வீடு மாற்றும்போது ஆயிரம் சாமான் கலக்காமல் போய்ச் சேருகிறதே, எதனால்? ஸ்டிக்கரால். எங்களிடம் இருப்பதெல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர், சமையலறை, ஹால், படுக்கையறை, குளியலறை என்று. எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயருக்கு "சமையலறை", ஏனென்றால் அங்கேதான் அடுப்பு அணைவதே இல்லை. சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஒயருக்கு "ஹால்", ஆள் வந்தால்தானே அங்கே விளக்கு. முன்விளக்கு போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒயருக்கு "படுக்கையறை", இருட்டினால்தானே அங்கே போகிறோம். எல்லாம் போய் இறங்குகிற கறுப்பு ஒயருக்கு "குளியலறை". எது எந்த ஒயர் என்று தெரியாமல் நான் விழித்தபோதெல்லாம் உன் அக்கா கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, "மஞ்சள்தான் எப்பவும் கரண்ட் இருக்கிறது" என்று பட்டென்று சொன்னாள். எப்படித் தெரியும் என்றேன். "இருபத்தாறு வருஷமா உங்ககூட இருக்கேன், தெரியாதா?" என்றாள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

எல்லாம் இணைத்து டேப் சுற்றி சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மாடி வீட்டு நூலகர் ஜன்னல் வழியாகப் பார்த்து, அமைதியாக இருக்கிறதே, நல்ல செட் என்றார். எரிச்சலில் கை பட்டு முன்விளக்கு எரிந்தது, உடனே பாட்டு வந்தது. விளக்கை அணைத்தால் பாட்டும் அணைந்தது. பட்டப்பகலில் விளக்கு போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டால் தெருக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? உன் அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போய், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஐந்தாறு நிமிஷம் உலாத்திவிட்டு வந்தாள். வந்தவள், "ஹாலைப் படுக்கையறையோட சேத்துட்டீங்க. பிரிச்சு மாத்துங்க" என்றாள். மாற்றினேன். விளக்கு வேறு, பாட்டு வேறு என்று ஆனது. இந்த ஸ்டிக்கர் முறையை நீ உன் கடையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் மட்டும் முழுக்க முழுக்க என் சொந்த மூளை. அதற்கு ஒரு ஃபியூஸ் குறைந்தது. பால் பொங்குகிறது என்று உன் அக்கா உள்ளே ஓடியிருந்தாள், இயர்போன்கூட ஸ்டூலில் கிடந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. வண்டி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன், மூடியில் ஒவ்வொரு ஃபியூஸுக்கும் ஒரு படம். ஒன்றுக்கு விளக்கு, ஒன்றுக்கு விசிறி, ஒன்றுக்கு ஓர் ஊதுகுழல். கம்பெனிக்காரன் எவ்வளவு முன்யோசனை பார், இசைக்கென்றே ஒரு ஃபியூஸ் ஒதுக்கியிருக்கிறான். பழைய செட்தான் போய்விட்டதே, இனி அதற்கு என்ன வேலை? பிடுங்கி ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். சப்வூஃபர் ஒரு தட்டுத் தட்டியது, மாடி வீட்டு நூலகரின் ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது.

கடைசியாக போனை இணைக்கவேண்டும். என்னுடையது பட்டன் போன், அதை இந்த செட் மனுஷனாகவே மதிக்கவில்லை. உன் அக்கா போனைக் கேட்டேன். சார்ஜ் இல்லை என்றாள், பார்த்தால் பாதிக்கு மேல் இருந்தது. பழைய போன், இதோடு சேராது என்றாள். நான் வாங்கி இணைத்தேன். இணைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. திரை முழுக்க "தம்பி". நான் தொட்டதுதான் தாமதம், ஆறு ஸ்பீக்கரிலும் நீ. அடியில் சப்வூஃபர் வேறு, உன் குரலுக்கு அவ்வளவு கம்பீரம் உன் பிறப்பிலேயே கிடையாது. "அக்கா, பாட்டு வந்துச்சா?" என்றாய். எட்டு மாதம் உன் குரலை வெளியேற்றப் பாடுபட்டு, புது செட்டில் முதல் முதலாகப் பேசிய மனுஷக் குரல் உன்னுடையது. உன் அக்கா கையை நீட்டி அணைக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. "வந்துச்சு மாப்பிள்ளை. நீ இல்லாமலேயே வந்துச்சு. எல்லாம் நானே செஞ்சேன்" என்றேன். நீ ரெண்டு தடவை தொண்டையைக் கனைத்தாய். அப்புறம் "ரொம்ப சந்தோஷம் அத்தான்" என்றாய். தோற்றவன் வாயால் சந்தோஷம் என்ற வார்த்தையைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை உனக்கு விளக்க முடியாது.

திங்கட்கிழமை காலை உன் அக்கா பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு வந்து, கதவைத் திறந்து, சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு சாமான் ஏற்றப் போனோம். வழி நெடுக அவள் தேர்ந்தெடுத்த பாட்டு. சிக்னலில் நின்றபோது டப்பா மூடியில் விரலால் தாளம் போட்டாள். தாளம் தப்பு, நான் திருத்தவில்லை. "இடது பக்கம் பாருங்க" என்றாள், பார்த்தேன். இன்றோடு நாலு நாள் ஆகிறது, ஒருமுறைகூட ஹாரன் அடிக்கத் தோன்றவில்லை மாப்பிள்ளை, மனசு அவ்வளவு நிம்மதி. உன் பழைய பேச்சு செட்டோடு பரண்மேல் இருக்கிறது, "உடையும் பொருள்" ஸ்டிக்கரோடு.

நீ சின்னவன், அதனால் உனக்கு ஒரு புத்திமதி: இனிமேல் யாரையும் குறைவாக எடைபோடாதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசியும் அன்பும். உன் தொழில் மேன்மேலும் ஓங்கட்டும், சந்தேகம் ஏதாவது வந்தால் அத்தானைக் கேள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன், பிக்கப்பின் எலக்ட்ரீஷியன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் ரெண்டு விஷயம் நடந்துவிட்டது. ஒன்று, இன்று சாயங்காலம் ஒரு வீட்டு வாசலில் போனை சீட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போன உன் அக்காவுக்காகக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் திரையில் போன் படத்தைத் தொட்டேன். அவள் போனில் பேசிய கணக்கெல்லாம் வரிசையாக வந்தது. ஞாயிறு காலை, தம்பி, ஐம்பத்திரண்டு நிமிஷம். தம்பி, ஆறு நிமிஷம், அது முன்விளக்கு எரிந்த நேரம். தம்பி, பதினெட்டு நிமிஷம். பழைய பாட்டு எது என்று இப்போது புரிந்தது. கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன், நாலு பக்கம், கை வலி. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீ லீவு போடாமல், கிண்டல் செய்யாமல், அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தாய். அதை நான் மறக்கமாட்டேன், வெளியிலும் சொல்லமாட்டேன்.

ரெண்டாவது, திரும்பி வரும்போது ஒரு லாரி குறுக்கே வந்தது. ஹாரனை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. உன் அக்காதான் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். அந்த ஊதுகுழல் ஃபியூஸ் எதற்கு என்று வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. அதைத் திரும்ப வைத்தால் சப்வூஃபர் நின்றுவிடுகிறது, சப்வூஃபர் இல்லாவிட்டால் பாட்டே நல்லாயில்லை என்கிறாள். ஆகவே வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல உன் அக்காவைக் கூப்பிடு. நான் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருப்பேன், எப்படித் தெரியும் என்று கேட்பேன், அவள் அந்த இருபத்தாறு வருஷக் கதையைச் சொல்லட்டும், எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்று, அவள் போன் இப்போது வண்டியைக் கண்டாலே தானாக ஒட்டிக்கொள்கிறது, அவசரப்பட்டுக் கூப்பிட்டால் நீ காதில் வராமல் ஆறு ஸ்பீக்கரிலும் வருவாய். ஒன்பதே கால் ஆகட்டும். அதற்குள் நான் பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி செட்டை ஊமையாக்கி வைத்திருப்பேன். அதைத்தான் முதலில் கழற்றவேண்டும், அது எனக்கே தெரியும்.