பெயர் போடாத கடிதம்

கடிதத்தை மூன்றாவது முறை படித்துவிட்டுச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னங்க, இதக் கேளுங்க. 'வீட்டில் வாய் திறந்தால் அறிவுரை. சாப்பிட உட்கார்ந்தால் அறிவுரை. செருப்பை எங்கே கழற்றுவது என்பதற்கும் அறிவுரை. பேசாமல் எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது.' பேரு போடல."

எதிர் மேசையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தலைவர் நிமிர்ந்தார். தடம் மாறும் பிள்ளைகளுக்கு வழித்துணையாக இருக்க, கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய சங்கம் அது. அவர் தலைவர், அவள் செயலாளர். பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதிப் போடட்டும் என்று போன மாதம்தான் வாசலில் ஒரு பெட்டி வைத்தாள். இதுவரை மிட்டாய்க் காகிதம் மட்டுமே விழுந்த பெட்டியில் வந்த முதல் கடிதம் இது.

"யாரா இருக்கும்?"

"ரொம்ப நாள் பொறுத்துப் பாத்தவங்க மாதிரி தெரியுது" என்றார் தலைவர்.

"பெத்தவங்களுக்கு அறிவு வேணாமா? பொழுதன்னைக்கும் நச்சரிச்சா எந்தப் புள்ள வீட்டுல தங்கும்? டீய ஓரத்துல வைக்காதீங்க, தட்டி விட்டுடுவீங்க."

அவர் டீயை நடுவில் வைத்தார்.

அன்று மாலை இருபது பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்தாள். "எழுதினது யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. எழுதினவங்க மட்டும் கையத் தூக்குங்க."

பதினெட்டுக் கைகள் உயர்ந்தன. மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை, பதினெட்டு வீட்டுக்கும் நேரில் போய்விடுவது என்று கிளம்பினாள். முதல் வீட்டில் லாரி ஓட்டும் அப்பா, "ஓடிப்போகப் பாக்குறானா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். இரண்டாவது வீட்டில் தையல்காரம்மா, "இனிமே நான் வாயே திறக்கல" என்று கண்ணைத் துடைத்தாள். சொன்னபடியே திறக்கவில்லை. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் மகள் பயந்துபோய்ச் சங்கத்துக்கு போன் போட்டாள். மூன்றாவது வீட்டில் பள்ளிக்கூட வாத்தியார், தான் யாருக்கும் அறிவுரையே சொல்வதில்லை என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார்.

நான்காம் நாள் காலை, ஏழெட்டுப் பெற்றோர் சங்கத்து வாசலில் நின்றார்கள்.

"நல்ல வழி காட்டுவீங்கன்னு அனுப்பினா, வீட்ட விட்டுப் போற வழியக் காட்டுறீங்களா? திங்கக்கிழமையிலிருந்து ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார் லாரிக்காரர்.

அவர்கள் போனதும் தலைவர் மெதுவாகச் சொன்னார். "விட்டுடும்மா. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போட்டுடு."

"எப்படிங்க மனசு வருது உங்களுக்கு? எந்த மூலையில உக்காந்து எந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கோ."

மறுநாள் பெட்டியில் இன்னொரு கடிதம் இருந்தது. 'நான் எங்கும் போகவில்லை. என் வீட்டில் எல்லோரும் மிகவும் நல்லவர்கள். தயவுசெய்து இனி யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.'

செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மிரட்டி எழுத வச்சிருக்காங்க. இது போலீஸ் விஷயம்." போனை எடுத்தாள்.

"போன வை" என்றார் தலைவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன் இப்படி வேர்க்குது? காலையில மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன். ஒரு நாள் பொறு. சாயங்காலம் வரைக்குமாவது."

சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. வகுப்பில் முப்பது பேருக்கு அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்த பெண் ஒருத்தி உண்டு. எல்லோரும் அவளைக் 'கையெழுத்து' என்றே கூப்பிடுவார்கள். அந்தத் திறமையை மறக்கவைக்கத்தான் செயலாளர் ஆறு மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "இந்த ஒரு தடவைதான். அதுவும் நல்ல காரியத்துக்கு."

கையெழுத்து இரண்டு கடிதங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தாளின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இடது கையால எழுதியிருக்காங்க மேடம். பழக்கம் வலது கை. எழுத்த மாத்திட்டாங்க, சுழிக்கிறத மாத்தத் தெரியல."

"யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. ஆனா சொன்னா நீங்க திட்டுவீங்க."

"சத்தியமா மாட்டேன். அந்தப் புள்ளய ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அத இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவங்களத்தான் எதிர்ல உக்காரவச்சு நாலு கேள்வி கேக்கப்போறேன்."

கையெழுத்து கடிதங்களை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம் மேடம். இன்னிக்கு ஒரு நாளாவது சாரை வீட்டுல நிம்மதியா சாப்பிட விடுங்க."