சஹனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி

அரைகுறையாக அறிவு வந்தவனை விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கோபக்காரனை, கஞ்சனை, ஏன், சாப்பிட்ட இடத்திலேயே குறட்டை விடுபவனைக்கூடக் கூட்டிப் போகலாம். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவன் நானே.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்முனையில் கணித ஆசிரியர். ஒரு ரியூசன் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் இரண்டு ரோல்ஸும் சீனி தூக்கலான தேநீரும் உள்ளே போகும். இரவைக்குக் கொத்து ரொட்டி. (பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்தவன்தான், கொத்தில் மட்டும் பாதி என்ற கணக்கே என்னிடம் இருந்ததில்லை.) வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், ஈரலில் கொழுப்பு என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

டொக்டர் வீரமுனையைச் சேர்ந்த இளம் பெண். என் வயிற்றைப் பார்த்துத் திட்டாமல், அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். கீரை, பயறு, தவிடு போகாத அரிசி என்று நார்ச்சத்தாகக் கொடுத்தால் நல்லவை பெருகி, குடலின் சுவரையும் ஈரலையும் காக்க உதவுமாம். சீனியும் எண்ணெயுமாகக் கொட்டினால் நல்லவை மெலிந்துபோய், குடலின் தொல்லையெல்லாம் ஈரலின் தலையில் விழுமாம். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. சம்பளமில்லை, லீவில்லை, கண்ணுக்குத் தெரியாத இத்தனை உயிர்கள் எனக்காக உழைக்கின்றன. நானோ ரோல்ஸைப் போட்டு அவற்றைப் பட்டினி போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து வீட்டில் குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் முருங்கை இலைச் சுண்டலும்தான். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் குடலைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

அந்த மாதம்தான் தங்கை சிபானாவின் கலியாணப் பேச்சு கூடி வந்தது. வாப்பா மௌத்தாகி இல்லாமல் போனதால் பொறுப்பு அவளுடைய காக்காவான, அதாவது அண்ணனான, என் தலையில். மாப்பிள்ளையின் வாப்பா உதுமாலெவ்வை ஹாஜியார் சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நாள் குறிப்பதற்கு எங்களைப் பகல் விருந்துக்கு அழைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் கலைந்திருந்தன. அதனால் தங்கை அன்று காலையிலிருந்து வாயில் எதுவும் வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டியில் பிட்டு அடைப்பதை மனைவி றிஸானா பார்த்துவிட்டாள். "அங்க போய் ரெண்டு வாய் திண்டுட்டு வாங்க. ஒரு நாளைக்கி உங்கட ஈரல் ஓடிப் போகாது" என்றாள். வைத்தியம் படிக்காத ஒருவர் இவ்வளவு சரியான ஆலோசனை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டேனே தவிர, அதன்படி நடக்கவில்லை.

ஹாஜியார் வீட்டில் பாய் விரித்து சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் சோறு, நடுவில் இறைச்சி. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைப்பது. பெண் வீட்டுக்காரன் என்பதால் நான் முதலில் தொட வேண்டும். ஹாஜியார், வாப்பாவின் தம்பியான என் சாச்சா, பள்ளிவாசல் மரைக்காயர், மாப்பிள்ளையின் மாமன்மார் இருவர் என்று ஐந்து பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் மடியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: சாப்பாட்டில் ஏதோ மருந்து கலந்து எங்களை வசியம் பண்ணப் பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது. இது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அப்போது என் மூளை முழுவதும் குடலுக்குள் இருந்தது.

ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. "எங்கட சோத்துக்குள்ள என்னத்தப் போட்டிரிக்கம் எண்டு நினைக்கீங்க, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதாவது நான் கையை நீட்டி ஒரு பிடி அள்ளியிருக்கலாம். அதற்குப் பதிலாக, வெள்ளரிசிச் சோறு உடம்புக்குக் கூடாது என்று ஒரு டொக்டர் பிள்ளை சொன்னதை விளக்கினேன். (அரிசி ஆலை முதலாளியிடம், அவர் வயலில் விளைந்து அவர் ஆலையில் தீட்டிய அரிசியின் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு.) சாச்சா என் தொடையில் கிள்ளினார். பதற்றத்தில் விஞ்ஞானத்தைச் சுருக்கிச் சொல்லப் போய், "என்ட வயித்துக்குள்ள கோடிக்கணக்கில கிருமி இரிக்கி மாமா. அதுகளுக்குத்தான் இந்தச் சாப்பாடு" என்றேன்.

ஒரே தட்டில் என்னோடு சாப்பிட வந்த மரைக்காயர் பாயோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தார். மாமன்மாரில் ஒருவர், இது தொத்துமா என்று சாச்சாவிடம் மெல்லக் கேட்டார். பெண்கள் இருந்த திரைக்குப் பின்னால், எங்களோடு வந்திருந்த றிஸானா இருமும் சத்தம் கேட்டது. மூன்றாவது சம்பந்தத்தையும் என் கையாலேயே கலைத்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் போய் என்ன சொல்வேன்?

ஹாஜியார் என் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஈரல்ல கொழுப்பா?"

"ஓம், மாமா."

அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். தூக்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பிட்டையும் சுண்டலையும் சஹனின் நடுவில் கொட்டி, இறைச்சியை ஓரமாகத் தள்ளினார். "ஒரு சஹன்ல ரெண்டு சாப்பாடு இரிக்கப்படாது. எல்லாரும் திண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பிஸ்மி சொல்லி அவரே முதல் கவளத்தை எடுத்தார். அவர் எடுத்த பிறகு மற்றவர்கள் எடுக்காமல் இருக்க முடியுமா? மரைக்காயரும் நகர்ந்து வந்தார். நானும் அவருடைய வெள்ளைச் சோற்றில் இரண்டு பிடி சாப்பிட்டேன். என்னளவு படித்தவர்கள் என் ஊரில் நூறு பேர் இருப்பார்கள். அவரளவு பெரிய மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கை கழுவும் இடத்தில் அவர் என் காதருகே குனிந்தார். "அந்த ஸ்கேன் கடுதாசி என்னட்டயும் ஒண்டு இரிக்கி. வீட்டில சொல்லல்ல. அந்த டொக்டர் புள்ள எங்க இருக்கிறா?"

நாள் குறித்தார்கள், கலியாணமும் நடந்தது. ஹாஜியார் மாமாவும் நானும் இப்போது ஒரே நாளில் டொக்டரிடம் போகிறோம். இருவரின் ஈரலும் முன்பைவிடத் தேறியிருக்கிறது. அவருடையது என்னுடையதைவிட ஒருபடி மேல். அவர் ஆலையில் எங்கள் இரண்டு வீட்டுக்குமென்று தவிடு போகாத அரிசி தனியாக எடுக்கிறார்கள்.

குடும்பத்தில் எந்த விருந்தென்றாலும் ஆட்களை எண்ணி, ஆறால் பிரித்து, எத்தனை சஹன் என்று கணக்குப் பார்ப்பார்கள். போன மாதம் தங்கை மகனுக்குச் சுன்னத்து செய்த கத்னா விருந்துக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். தொண்ணூறு பேர், பதினைந்து சஹன் என்று நான் கணித ஆசிரியராகக் கம்பீரமாகச் சொன்னேன். சமையல்காரர் எழுதப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் சிபானா. "காக்கா தனிய வரமாட்டார். அவரோட கோடிக்கணக்கில ஆள் வரும்."