சீட் இல்லாத சிவப்புக் கார்

இந்தக் கதையை இன்னொரு முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சரோஜா சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போதெல்லாம் வழியில் புதிதாக ஒரு குழியும் இரண்டு மாடும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில், தாலி கட்டிய கையோடு, புதுப்பெண்டாட்டியைக் காரின் தகரத் தரையில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போன மடையன் நான்தான்.

அப்போது நான் மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் கோப்பெங்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் ஸ்டோர் கிளார்க். என்னிடம் ஒரு பழைய சிவப்பு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு. உள்ளே ஏற முதுகை மூன்றாக மடக்க வேண்டும். என் சினேகிதன் சேவியர் ஈப்போவில், புந்தோங் பகுதியில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தான். அவனுடையது நீல நிற ஜப்பான் கார், நாலு கதவு. இஞ்சினை நோண்டி நோண்டிப் புலி மாதிரி உறும வைத்திருந்தான்.

"நாலு கதவு வச்சா அது டாக்சிடா" என்பேன்.

"மொதல்ல என் டாக்சிய முந்து மச்சான், அப்புறம் பேசலாம்லா" என்பான்.

இரண்டு வருஷம் கோப்பிக் கடையில் இதே சண்டை. வேகம் என்றால் ஆளில்லாத ஓடுபாதையில் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. லோரி, பஸ், மழை, மாடு எல்லாம் இருக்கிற ரோட்டில் ஓட்டுவதுதான் ஓட்டு என்பது அவன் கட்சி. (கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.)

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோதிப் பார்த்தோம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மருந்து தெளிக்கும் குட்டி விமானம் இறங்க ஒரு பாதை போட்டிருந்தார்கள். தோட்டத்தில் கணக்கு பார்க்கும் கிராணியைக் கெஞ்சி அனுமதி வாங்கினோம். ஜெயிப்பதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். பாரம் குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? சீன முதலாளி ஆ செங் தவுக்கேயின் பட்டறையில் காரை விட்டு, டிரைவர் சீட்டைத் தவிர எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். பக்கத்து சீட், பின் சீட், கம்பளம், ஸ்பேர் டயர் எதுவும் மிச்சமில்லை.

ஜெயித்தேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், காரின் மூக்கு நுனி அளவுதான்.

"இது டிராக். ரோட்டுல காட்டு" என்று சொல்லிவிட்டுச் சேவியர் கிளம்பினான்.

புதன்கிழமை எனக்குக் கல்யாணம். சீனப் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டாம் நாள் அது. எல்லாருக்கும் லீவு கிடைக்கும் என்று வீட்டார் தேடிப் பிடித்து வைத்த நாள். அந்த லீவு ஆ செங்குக்கும் உண்டு என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ஜெயித்த மிதப்பில் திங்களையும் சுற்றியே கழித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாவகாசமாக சீட்டை மாட்டப் போனேன். வாசல் முழுக்கப் பட்டாசுக் குப்பை, கதவில் பெரிய பூட்டு. தவுக்கே குடும்பத்தோடு பினாங்கு போயிருந்தார், என் சீட்டெல்லாம் உள்ளே இருந்தன. ஈப்போ முழுக்க அலைந்தேன். திறந்திருந்தது எங்கள் மாமா கடை ஒன்றுதான். அங்கே முறுக்குதான் கிடைத்தது.

புந்தோங் கோயிலில் தாலி கட்டி முடித்து வெளியே வந்தோம். சேவியர் காரைத் துடைத்து, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தான். என் காருக்குள் எட்டிப் பார்த்தவன் சிரிக்கவில்லை.

"மச்சான், பொண்ண என் வண்டியில ஏத்து. பின்னாடி நீயும் உக்காந்துக்க. நான் ஓட்டுறேன்."

அவன் காரிலா? 'ஸ்போர்ட்ஸ் காரில் பெண்ணைக் கோப்பெங் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்' என்று பெண்ணின் ஊரான பாகான் டத்தோ வரைக்கும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேனே! கோயிலுக்குள் ஓடினேன். சரோஜா சற்றுமுன் உட்கார்ந்து எழுந்த மணைப் பலகையை ஐயரிடம் கேட்டு வாங்கி வந்து, சீட் இருந்த இடத்தில் போட்டேன்.

சரோஜா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். என் மாமனார் தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்தவர், எந்தக் காயத்தையும் ஒரு பார்வையில் எடைபோடுவார். என்னையும் அப்படிப் பார்த்துவிட்டு, சேவியர் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் மெதுவாகத்தான் போனேன், சத்தியமாக. ஊரைத் தாண்டியதும் சேவியர் என்னை முந்தினான். முந்தும்போது ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினான். எனக்குச் சுள்ளென்றது. மிதித்தேன்.

கார் முன்னால் பாய்ந்தது. மணை பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால் என் பெண்டாட்டி பின் கண்ணாடிக்குக் கீழே, மாலை மூஞ்சியில் கவிழ்ந்து கிடக்கிறாள். ஐயையோ என்று பிரேக் போட்டேன். மணை சர்ரென்று முன்னால் வந்து இடித்து நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி போனாள். சிம்பாங் பூலாய் வருவதற்குள் அவள் அந்தக் காருக்குள்ளேயே பாதிப் பேராக் மாநிலத்தைச் சுற்றிவிட்டாள்.

"நிறுத்துங்க."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நிறுத்தினேன். முன்னால் போன சேவியரும் ஓரமாக நிறுத்தினான். சரோஜா இறங்கி மாலையைச் சரிசெய்தாள். முழங்கையில் சிராய்ப்பு, பட்டுச்சேலையில் கிரீஸ். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நான் அந்த வண்டியில போறேன். பக்கத்துல ஒரு எடம் இருக்கு. வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு நடந்தாள். நான் நடுரோட்டில் தலைப்பாகையோடு நின்றேன். லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்கள். சிவப்புக் காரைப் பார்த்தேன். இரண்டு வருஷ மானம் அதற்குள் இருந்தது. அந்த நீலக் காரில் ஏறினால், சேவியர் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். (காட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.)

காரைப் பூட்டிவிட்டுப் போய் ஏறினேன்.

மாமனார் திரும்பவில்லை. சரோஜா சேலையை ஒதுக்கி இடம்விட்டாள். சேவியர்தான் மெல்லச் சொன்னான்: "மெதுவா வான்னுதானடா கை காட்டுனேன், மடையா."

விடியற்காலையிலிருந்து பட்ட பாடு, மெத்தென்ற சீட், ஜன்னல் காற்று. தூங்கிவிட்டேன். கோப்பெங்கில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தவர்களுக்கு, பெண்ணின் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கும் மாப்பிள்ளைதான் கிடைத்தான். அதையும் ஒருவர் படம் பிடித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பிள்ளைகள் வருகிறவர்களுக்கெல்லாம், "அப்பா ரேஸ்ல ஜெயிச்ச போட்டோ" என்று காட்டுகிறார்கள்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் சரோஜா ஒன்று சொல்வாள். அதில் மட்டும் குழியும் மாடும் கூடுவதே இல்லை.

"இவரு மட்டும் அன்னைக்கு எறங்கி வரலன்னு வைங்க, 'சேவியரண்ணே, வண்டியத் திருப்புங்க, பாகான் டத்தோவுக்கே போலாம்'னு சொல்றதா இருந்தேன். அப்பாவும் சரின்னுதான் இருந்தாரு."

மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.