சத்தம் ஒன்பது, புரிதல் இரண்டு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தியாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டிலுள்ளவர்களும் மொட்டைமாடியில் கட்டிய ஆன்டெனா கம்பியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இன்று காலை ஏழு மணிக்கு உங்கள் முதுகுவலியைப் பற்றி நீங்களே வானொலியில் இருபது நிமிடம் நாலு ஊருக்கும் சொல்லிவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அக்காவின் நலம் மட்டும் தெரியவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல், "இங்க பாரும்மா, பெரியவர் மனசு ஒடைஞ்சு போயிட்டாரு. ஆறு வாரமா மைக்கையே தொடலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு. இல்லேன்னா காலைக் கூட்டத்துப் பட்டியல்ல உன் பேரை அடிக்கச் சொல்றாங்க" என்றீர்கள். கடிதம் கேட்டீர்கள், இதோ கடிதம். மன்னிப்பு இதில் எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்படியும் அக்காதான் இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போகிறாள் என்பதால், அவளுக்கும் விளங்கும்படி முதலிலிருந்தே எழுதுகிறேன்.

ஐம்பத்தோரு வயதில், பேருந்து நிலைய அறிவிப்பாளர் வேலையையும் பார்த்துக்கொண்டு, இரவல் புத்தகத்தில் படித்து, வீட்டிலிருந்தே அலைவழி ஊருக்கு ஊர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். அன்று மாலை முதல் ஆளாக உங்களைத்தான் அழைத்தேன். "ஃபைவ் நைன், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றீர்கள். அக்காவுக்காகச் சொல்கிறேன்: முதல் எண், பேசுவது எவ்வளவு புரிகிறது என்பதற்கு, ஐந்து வரை. இரண்டாவது எண், எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதற்கு, ஒன்பது வரை. ஆக எனக்கு முழு மதிப்பெண். என் பதிவேட்டின் முதல் வரி அதுதான். சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் நீங்கள் அலையில் நடத்தும் காலைக் கூட்டத்துக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசுவது லைசென்ஸ் வாங்கிய வருட வரிசைப்படி என்று. நாற்பத்திரண்டு வருடம் ஆன பெரியவர் முதலில், அப்புறம் சர்வேயர், அப்புறம் பல் டாக்டர், அப்புறம் வெல்டிங்காரர், ஆளுக்கு எட்டு நிமிடம், முதுகுவலி உள்ளவர்களுக்கு இருபது. வெயில் ஏற ஏற அலை ஒடுங்கி ஏழே முக்காலுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சரியாக அந்த நேரத்தில் "புதுசா வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒண்ணும் கேக்கலையே. சரி, நாளைக்குப் பாப்போம்" என்று கடையை மூடுவீர்கள். பத்தொன்பது நாள், அத்தான்! பத்தொன்பது நாள் குளித்து முடித்து, தலையைக்கூடத் துவட்டாமல், ஈரத்தோடு மைக் முன்னால் உட்கார்ந்து, லைசென்ஸில் எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வேலைக்குப் போனேன். நடுவில் ஒரு நாள் வாயைத் திறந்ததற்கு சர்வேயர், "மொதல்ல ஆறு மாசம் கேளுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். இன்னொரு நாள் வெல்டிங்காரர், "ஏம்மா, மைக்கை முழுங்கிடாதீங்க, இன்னும் பொழுதே விடியலை" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருடமாக மைக்கில் பேசிச் சம்பளம் வாங்குகிறவளிடம்! அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இருபதாம் நாள் உங்கள் தெருவில் மின்சாரம் போனது. உங்களுக்குப் பதிலாகப் பெரியவர் கூட்டத்தை எடுத்து நடத்தினார். எடுத்தவர் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார், அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி. கூப்பிட்டார் என்பது மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது. அந்தக் குரல் பலமாகத்தான் வருகிறது, மீட்டர் முள் ஒன்பதைத் தாண்டித் துள்ளுகிறது, ஆனால் வருவது பேச்சா, யாரோ அண்டாவைத் தேய்க்கிறார்களா என்று தெரியவில்லை. கடைசியில் தன் குரல் எப்படி வருகிறது என்று ரிப்போர்ட் கேட்கிறார் என ஊகித்து, கேட்டதைச் சொன்னேன்: "ஐயா, உங்களுக்கு டூ நைன். சத்தம் நல்லா வருது, பேச்சு புரியலை."

அவ்வளவுதான். பல் டாக்டர் பாய்ந்து வந்து, "ஐயாவுக்கு ஃபைவ் நைன்! நான் சொல்றேன், ஃபைவ் நைன் ப்ளஸ்!" என்று கத்தினார். சர்வேயர், "புதுசுல்ல, காது இன்னும் பழகலை" என்றார். அப்படியானால் காதைப் பழக்குவதற்குத்தான் அந்த ஆறு மாதமா?

மறுநாள் முதல் என் அழைப்புக்குறியைச் சொன்னால் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. நான் ஒரு நிமிடம்கூட அழவில்லை. அழுததாக அக்கா சொல்லியிருந்தால் அது அவள் ஊகம். டயலைக் கொஞ்சம் மேலே திருப்பி, ஆள் இல்லாத இடத்தில், ஆள் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு, "காலைக் கூட்டத்துல பேர் விட்டுப்போனவங்க எல்லாம் இங்க வாங்க" என்று அறிவித்தேன். பதினோரு பேர் வந்தார்கள், அத்தான். மருந்துக்கடைக்காரர், இரண்டு நர்சுகள், லிஃப்ட் மெக்கானிக், இன்னும் யார் யாரோ, எல்லாம் உங்களுக்குக் 'கேட்காமல்' போனவர்கள். எங்கள் கூட்டத்தில் கடைசியாக வந்தவர் முதலில் பேசுவார். நாற்பது நாளாக நடக்கிறது. எல்லாரும் எனக்கு ஃபைவ் நைன்தான் கொடுக்கிறார்கள். இப்போது பல் டாக்டர், "மேல அந்தம்மா பேசினா கீழ நமக்குக் கரகரங்குது" என்று உங்களிடம் புகார் சொல்கிறாராம். பொறாமைக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஒலிபெருக்கி கரகரத்தது. 'சத்தம்தான் வருகிறதே' என்று நானும் பேசிக்கொண்டே போனேன். ஒரு குடும்பம் வேறு பேருந்தில் ஏறி, போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த் திசையில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அன்று முதல் தினமும் முதல் அறிவிப்பு முடிந்ததும் கடைசி பிளாட்பாரம் வரை நடந்துபோய் சுமைதூக்குகிறவரிடம், "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். நாளைக்கு வெள்ளம் வந்து போன் எல்லாம் செத்துப்போனால், எந்த ஊருக்கு எத்தனை படகு என்று சொல்லப்போவது பெரியவர்தான். அப்போதும் பல் டாக்டர் ஃபைவ் நைன் என்றுதான் சொல்வாரா? நாற்பத்திரண்டு வருடம் மைக் பிடித்த ஒரு மனிதரிடம், 'ஐயா, உங்கள் குரல் யாருக்கும் புரியவில்லை' என்று சொல்ல உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பேர் மரியாதை என்கிறீர்கள். அவரைத் தனியாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிட்டீர்கள் என்கிறேன் நான். பெயரை அடிப்பதானால் அடியுங்கள். பேனாவில் மை இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். காற்றில் எனக்கும் ஓர் இடம் உண்டு, அதற்கு அரசாங்கம் முத்திரை போட்ட காகிதம் என்னிடம் இருக்கிறது. டூ நைன் என்றேன், டூ நைன்தான்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முதுகு சீக்கிரம் குணமாகட்டும், எட்டு நிமிடத்துக்கு மேல் பேசாத அளவுக்கு. பெரியவருக்கு என் வணக்கம், அவருக்குப் புரியும்படி.

இப்படிக்கு,
வரிசையில் கடைசியாக நிற்கும்
உங்கள் கொழுந்தியாள்

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் காலை எங்கள் கூட்டத்தைத் தொடங்கினேன். புதிதாக ஒருவர் கூப்பிட்டார். கணீரென்று, நிதானமான, அழகான குரல். யார் என்று கேட்டால், பெரியவர்! நான் சொன்ன அன்றே மைக்கைக் கழற்றிப் பார்த்தாராம். உள்ளே இருந்த பஞ்சு உளுத்துத் தார் மாதிரி ஒட்டிக்கிடந்ததாம். புது மைக் வந்து சேர ஆறு வாரம் ஆகியிருக்கிறது. அவர் மனம் உடையவில்லை, அத்தான். மைக்தான் உடைந்திருந்தது. இத்தனை வருடமாக நீங்கள் எல்லாரும் தலையாட்டிக் கேட்டது அந்தப் பஞ்சைத்தான். நான் பூரித்துப்போய் ஃபைவ் நைன் கொடுத்தேன். அவர், "நன்றிம்மா. உங்களுக்கு த்ரீ நைன். மைக்கை வாயோட ஒட்டிப் பேசறீங்க, சத்தத்தையும் முழுசாத் திருகி வெச்சிருக்கீங்க. பாதி பேச்சு ஒடையுது, மீதி கீழ இருக்கறவங்க மேல வழியுது" என்றார். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத மாட்டேன். "எங்க ஆளுங்களையே கேளுங்க!" என்றேன். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்களே சொல்லுங்க" என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர், "அக்கா... அது ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..." என்றார். பதினோரு பேரும், அத்தான். பெரியவர் ஆக அவருக்கு நாற்பத்திரண்டு வருடம் ஆனது, எனக்கு நாற்பது நாள்.

ஆகவே உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். பல் டாக்டரைப் பற்றி எழுதிய வரியை அக்கா படிக்காமல் தாண்டிவிடட்டும். மைக்கை முழுங்காதே என்று சொன்ன வெல்டிங்காரருக்கு என் தனி வணக்கம். பெரியவருக்கும் முன்பே என்னிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் பதிவேட்டின் முதல் வரியில் உங்கள் கையால் கிடைத்த ஃபைவ் நைன், 'கண்ணாடி மாதிரி' என்ற குறிப்போடு, அப்படியே இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றீர்களே. நீங்களே எழுதி எனக்கு அனுப்பிவிடுங்கள். முகவரி உங்களுக்குத் தெரியும்.