எடைமேடை லத்தீன் அக்கா

நானூறு வருஷத்துக்கு முன்பு செத்துப்போன ஒரு ஜெர்மன் வாத்தியாருக்குப் பல்வலி வந்தால், மலேசியாவின் சிம்பாங் பூலாயில் ஒரு தமிழச்சி மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிடுவார். உலகத்திலேயே அப்படி ஓர் ஆள் அவர் மட்டும்தான். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் லத்தீன் அக்கா.

சுண்ணாம்புக்கல் குவாரியில் அவர் எடைமேடைக் கிராணி. நான் லாரிகளை அனுப்புகிறவன். கல்லேற்றிய லாரி மேடையில் ஏறும், அக்கா எடை பதிந்து சீட்டு கொடுப்பார். அடுத்த லாரி வருவதற்குள் கணினியில் அந்த வாத்தியாரின் கடிதம் விரிந்திருக்கும். ஏதோ சின்ன ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவராம். லத்தீனில் எழுதித் தள்ளியிருக்கிறார்: வேலை வேண்டும், பல் வலிக்கிறது, போர் வருகிறது, ஏன் பதில் போடவில்லை?

"இவருக்கு நல்லதே நடக்காதாக்கா?"

"பதினோரு வருசமா தேடுறேன்லா. இன்னும் ஆப்புடல."

அக்கா செமோர் பக்கம் ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். உதவிச் சம்பளத்தில் ஜெர்மனிக்குப் போய் இந்த வாத்தியாரைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டாம் வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. பிறகு அங்குள்ள நூலகம் கடிதங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டதும், விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார். அந்தக் கோழிக்கிறுக்கலையே படிக்கிறவர் என்று டிரைவர்கள் கிளினிக் மருந்துச் சீட்டையெல்லாம் அவரிடம் நீட்டுவார்கள்.

ஒரு நாள் திடீரென்று கத்தினார். வாத்தியாரின் மகள் இறந்தபோது பிறந்த ஒரு ஜெர்மன் கவிதை. அது யாரோ பெரிய கவிஞர் எழுதியது என்றே இத்தனை காலம் நம்பியிருந்தார்கள். அடித்துத் திருத்திய முதல் வரைவு வாத்தியாரின் கையெழுத்திலேயே, ஒரு பாடக் குறிப்பின் பின்பக்கத்தில் கிடந்தது. ஆயுள் முழுக்க லத்தீனில் புலம்பிய மனுஷன், மகளுக்கு மட்டும் வீட்டு மொழியில் அழுதிருக்கிறார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் இணையக் கருத்தரங்கில் பேசச் சொன்னார். நம் நேரம் மாலை நாலு. குவாரியில் பாறைக்கு வெடி வைப்பதும் மாலை நாலு. வெடிக்குப் பொறுப்பான செல்வம் அண்ணனிடம் அக்கா கெஞ்சினார்.

"அரை மணி நேரம் தள்ளி வைங்கண்ணே."

"அந்த ஆளு செத்து எத்தன வருசம்?"

"நானூறு."

"நானூறு வருசம் பொறுத்தவரு நாளைக்கு வரைக்கும் பொறுக்க மாட்டாரா தங்கச்சி?"

கடைசியில் நாலரைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அங்கே முன்னால் பேசியவர் இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக இழுத்துவிட்டார். ஜெர்மன்காரர்கள் நேரம் தவறமாட்டார்கள் என்று எவன் சொன்னான்? அக்கா கவிதையின் முதல் வரியை வாசித்ததும் சங்கு ஊதியது. இரண்டாம் வரிக்கு மலை வெடித்தது. கூரையிலிருந்து வெள்ளைத் தூசி கொட்டி, மின்சாரம் போய்விட்டது. இணைப்பு திரும்பியபோது அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா கட்டுரை முழுவதையும் அந்தப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். நன்றி, பார்க்கிறோம் என்று ஒரு வரி வந்தது.

மறு வருஷம் அந்தப் பேராசிரியரின் தடித்த புத்தகம் ஒன்று வந்தது. அக்கா கண்டுபிடித்தது அத்தனையும் அதில் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. ஓர் அடிக்குறிப்பில் விரலை வைத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "மலேசியாவிலிருந்து ஓர் அம்மையார் சுட்டிக்காட்டியதுபோல."

"சண்ட போடுவோம்கா! நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன்."

"யாருக்குலா எழுதுறது? வாத்தியாரு எழுதுனதுக்கே யாரும் பதில் போடல."

புத்தகத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வெளியே நின்ற லாரியை எடை போட்டார். அன்றோடு சரி. வாத்தியார் திரையில் வரவேயில்லை. லாரி இல்லாத நேரத்தில் அக்கா பாதி தின்னப்பட்ட மலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களும் ஏதேதோ செய்து பார்த்தோம். ஒன்றும் எடுபடவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் எனக்குப் புரியாது. ஆனால் அந்த அடிக்குறிப்பு உள்ள பக்கம் தெரியும். ஓரத்தில் பேனாவால் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: நாகேஸ்வரி அக்கா, செமோர்.