பின்னாடி நடந்தாத்தான் நிக்கும்

பட்டம் மறுபடியும் குப்புற விழுந்தது.

லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கைப்பிடிகளையும் புல்லில் வைத்துவிட்டு, மைதானத்தின் குறுக்கே நடந்து போய் அதைத் தூக்கி நிறுத்தினார். திரும்பி வந்தார். கைப்பிடிகளை எடுத்து இழுத்தார். பட்டம் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, கொஞ்சம் யோசித்து, போதும் என்று முடிவு செய்ததுபோல் மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சாதாரணப் பட்டம் இல்லை அது. ஓர் ஆள் நீளம், நாலு நூல். வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு. பழகிய கையென்றால் அதை வானத்தில் அசையாமல் நிறுத்தலாம், பின்பக்கமாக ஓட்டலாம், தலைகீழாக இறக்கித் தரையைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கலாம். பகலெல்லாம் லிஃப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் நின்று, கிரீஸ் கையோடு இரும்புக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு, சாயங்காலம் வெட்டவெளியில் நாலு மெல்லிய நூல்களைப் பிடித்து நிற்பதில் இருந்த சுகம் சொல்லி மாளாது. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

குறை காற்றுதான். மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் மாடிக் கட்டடங்கள். வருகிற காற்று அத்தனையையும் சுற்றிக்கொண்டு, பாதி உயிரோடுதான் உள்ளே வந்து சேரும்.

போதாததற்கு வாசலில் ஒரு பலகை முளைத்திருந்தது. யாருக்கும் பயன்படாத இந்த இடம் கார் நிறுத்தமாக மாற்றப்படவிருக்கிறது, நகராட்சி இன்ஜினியர் விரைவில் வந்து பார்வையிடுவார் என்று எழுதியிருந்தார்கள். 'யாருக்கும் பயன்படாத' என்ற இடத்தில் அவருக்குச் சுருக்கென்றது. நான் ஒருத்தன் பயன்படுத்துகிறேனே என்று சொல்லலாம். ஆனால் இன்ஜினியர் வருகிற நாளில் பட்டம் இப்படிப் படுத்துக் கிடந்தால் அந்தப் பேச்சு எடுபடுமா?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள்.

"துணி கனமா இருக்கு. குடைத்துணி மாதிரி லேசா ஏதாவது போட்டுத் தைச்சுத் தர்றியா?"

"காத்து இல்லாத இடத்துல பட்டம் விடணும்னு உங்களுக்கு என்ன வேண்டுதலா?"

"நீ தைச்சுக் கொடு. அப்புறம் பாரு."

தைத்துக் கொடுத்தாள். கனமான குச்சிகளைத் தாங்காமல் லேசான துணி நடுவில் கிழிந்தது. குச்சிகளை மாற்றி ஊசிபோல் மெல்லியவற்றைப் போட்டார். முதல் இழுப்பிலேயே ஒன்று முறிந்தது. முறிந்த இடத்தில் பிளாஸ்திரி சுற்றினார். பட்டம் ஒரு பக்கம் கனத்து, கட்டை வண்டி மாதிரி வட்டமடித்து, மைதான ஓரத்து விளக்குக் கம்பத்தில் போய்ச் சிக்கியது.

"தைக்கிறதுக்கு எனக்கு வேற துணி இருக்கு. உலகத்துல உங்களைத் தவிர ஒருத்தருக்கும் இந்த விளையாட்டுப் புரியாது. அதையாவது புரிஞ்சுக்கோங்க" என்றாள் மனைவி, கிழிசலைக் கையில் வாங்கிக்கொண்டே.

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு சாயங்காலம் பட்டம் நேராக அவர் முகத்தைப் பார்த்து விழ வந்தது. பயந்து நாலு அடி பின்னால் வைத்தார். பட்டம் மேலே ஏறியது. நின்றார். இறங்கியது. பின்னால் நடந்தார். ஏறியது. அவருக்குப் புல்லரித்துவிட்டது. காற்று வராவிட்டால் என்ன, பின்னால் நடக்க நடக்க நூல் இழுபடும், அந்த இழுப்பே காற்றுக்குக் காற்று. அண்ணாந்து பார்த்தபடி, சிரித்துக்கொண்டே, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பின்னாலேயே போனார். போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரின் மடியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"பரவாயில்ல தம்பி." போஸ்ட்மாஸ்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். என்ன லாவகமா பின்னாடி போறீங்க. எதுக்கு அப்படி?"

யாராவது இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவர் மெக்கானிக். பொங்கிவிட்டார்.

"பின்னாடி நடந்தாத்தான் சார் நிக்கும். முன்னாடி நடந்தா போச்சு."

"நிக்குமா?"

"சத்தியமா நிக்கும். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குச்சியை மாத்திப் பார்த்தேன், லேசான குச்சி வெச்சுப் பார்த்தேன், பிளாஸ்திரி போட்டேன். எதுக்கும் மசியல. கடைசியில பின்னாடி நடந்ததும் டக்குனு நின்னுச்சு."

போஸ்ட்மாஸ்டர் தலையாட்டினார். "எல்லாம் காத்துனால வர்றதுதான், இல்லையா?"

"காத்துதான் சார். வேற என்ன?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "இந்த வயசுல எனக்கு வருமா?"

"வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொறுமை இருந்தா போதும்."

"சொல்லித் தர்றீங்களா?"

மெக்கானிக்கின் கண் கலங்கியது. ஒரு சீடர். ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு பட்டம், அதுவும் ஒட்டுப் போட்டது. புதியவர் கையில் கொடுத்தால் மிஞ்சாது.

"முதல்ல வெறுங்கையோட நடந்து பழகுங்க சார். கை ரெண்டையும் இடுப்புக்கு நேரா முன்னால வெச்சுக்கோங்க. தோளை இறுக்காதீங்க. தலை நிமிர்ந்து மேலேயே பாருங்க. கால் தானா வரும்."

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் வந்தார். கூடவே பேக்கரிக்காரம்மாவும் வந்தார். பொழுதுக்கும் கல்லாவிலும் அடுப்பிலும் நின்றே இருப்பவர். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

"தம்பி, போஸ்ட்மாஸ்டர் சொன்னாரு. எனக்கும் நிக்கணும்" என்றார்.

"கட்டாயம் நிக்கும்க்கா."

அடுத்த நாள் பள்ளி வேன் டிரைவர், அவருடைய மாமியார், எதிர்வீட்டு இரட்டைச் சகோதரிகள். அதற்கடுத்து எண்ண முடியவில்லை. எல்லாரும் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, பய பக்தியோடு பின்னால் நடந்தார்கள். தனக்குள் இருந்த ஆசை ஊர் முழுக்க இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். நாலு நூல் பட்டங்கள் வரிசையாக ஒரே நேரத்தில் திரும்புவதை மனக்கண்ணில் பார்த்தார். அப்படி ஒரு காட்சியைப் பார்த்த எந்த இன்ஜினியருக்கு இங்கே கார் நிறுத்த மனசு வரும்?

சிக்கல் என்னவென்றால், அவர் பட்டம் விட இடமில்லை. பின்னால் ஓரடி வைத்தால் யார் முதுகிலாவது முட்டினார்.

காலையில் சீக்கிரமாகப் போய்ப் பார்த்தார். "தம்பி நேரத்தை மாத்திட்டார், காலையிலதான் நல்லதாம்" என்று செய்தி பரவி, அவருக்கு முன்பே எல்லாரும் வந்து நின்றார்கள். நூலைக் குட்டையாக்கினார். நூல் குட்டையானால் பட்டம் பரபரக்கும், இன்னும் வேகமாக நடக்க வேண்டும். அவர் வேகமாக நடக்க, "இன்னிக்கு வேகப் பயிற்சி" என்று மற்றவர்களும் வேகமெடுத்தார்கள். இரட்டைச் சகோதரிகள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு, யார் மேல் தப்பு என்று வீடு வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

எல்லாரையும் ஓரமாகச் சுற்றி நடக்கச் சொன்னார். நாலு மூலையிலும் முட்டல் மோதல். ஒழுங்குபடுத்த போஸ்ட்மாஸ்டரை நியமித்தார். போஸ்ட்மாஸ்டர் ஒரு விசில் வாங்கிவந்துவிட்டார்.

கடைசியாகப் பயமுறுத்திப் பார்த்தார்.

"இது லேசுல வராதுங்க. வருஷக்கணக்கா ஆகும்."

"இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் பொறுக்க மாட்டோமா?" என்றார் டிரைவரின் மாமியார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இதற்கு மேல் அவரால் முடியவில்லை. இவ்வளவு ஆர்வத்தை விரட்டுகிறவன் மனிதனா என்று அவர் மனசே அவரைக் கேட்டது.

துணி கொடுக்கப் போன மனைவி ஒருநாள் மைதான வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நெஜமாவே உங்ககிட்ட கத்துக்கவா அவ்வளவு பேரு வர்றாங்க?"

"பின்னே?"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன் போலிருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. மறுநாளிலிருந்து வாசல் அறையில் மிஷின் ஓயவில்லை. என்ன தைக்கிறாள் என்று கேட்டால், "உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

இன்ஜினியர் வருகிற நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து இலைகூட அசையவில்லை.

மெக்கானிக் பட்டத்தை நிறுத்தி, கைப்பிடிகளைப் பிடித்து, மூச்சை இழுத்துவிட்டுப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். பட்டம் தயங்கித் தயங்கி ஏறியது. போஸ்ட்மாஸ்டர் விசில் ஊத, மெக்கானிக்கின் பின்னால் மொத்தக் கூட்டமும் வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே மெக்கானிக்தான்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி கார் வாசலுக்குள் நுழைந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்து, முகத்தைச் சுளித்தபடி இன்ஜினியர் இறங்கினார். நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது முதுகுகள். முதுகுகள் மட்டும். அத்தனையும் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேக்கரி அக்காவின் முதுகு அவரைத் தொட்டது. வேறு வழியில்லாமல் அவரும் காரைச் சுற்றிப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

மெக்கானிக்கின் கண்ணில் காரின் ஓரம் பட்டுவிட்டது. நின்றால் பட்டம் விழும். நடந்தால் இடிக்கும். இரண்டு கட்டை விரல்களையும் மெல்ல அழுத்தி, பட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, பின்னால் இருந்த கூட்டத்தின் தலைக்கு மேலாகக் காரை நோக்கி விட்டார். அது சத்தமில்லாமல் மிதந்து போய், தலைகீழாகத் திரும்பி, கார் கூரைக்கு ஒரு சாண் மேலே அசையாமல் நின்றது. காற்றே இல்லாத காற்றில் நின்றது. இந்த வித்தை அவருக்கு இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. பிறகு பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல் அதைக் கூரைமேல் படுக்கவைத்தார்.

போஸ்ட்மாஸ்டர் விசில் ஊதினார். எல்லாரும் நின்றார்கள். இன்ஜினியரும் நின்றார். அவர் முகத்தில் சுளிப்பைக் காணோம்.

"தினமும் இவ்வளவு பேரா வர்றீங்க?"

"மழை பெஞ்சாலும் வருவோம்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"இதுக்கெல்லாம் ஃபீஸ்?"

"தம்பி ஒத்தைக் காசு வாங்கினது கிடையாது."

இன்ஜினியர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ காரைச் சுத்தி நடந்ததுக்கே எனக்கு வித்தியாசம் தெரியுது சார். இந்த இடத்தைப் போய் யாருக்கும் பயன்படாததுன்னு எழுதிவெச்சிருக்காங்க. பலகையை இன்னிக்கே எடுக்கச் சொல்லிடறேன். கார் நிறுத்த வேற இடம் பார்த்துக்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கம்மாவையும் கூட்டிட்டு வரலாமா? அவங்களுக்கும் நிக்குமா?"

"காத்து எப்படி இருந்தாலும் நிக்கும் சார். கூட்டிட்டு வாங்க" என்றார் மெக்கானிக்.

கூட்டம் கைதட்டி ஓய்ந்தபோது, மனைவி இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தாள். பைகள் நிறைய, சுருட்டிக் கட்டிய வண்ண வண்ணத் துணிகள். ஒவ்வொன்றிலும் நாலு நூல் தொங்கியது.

"உங்க ஆளுங்களுக்குத்தான். எத்தனை நாள் வெறுங்கையோட நடப்பாங்க? குச்சியை நாளைக்கு நீங்க மாட்டிக்கொடுங்க" என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு. பைகளை வாங்கிக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு சுருளைக் கொடுத்தார். எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பேக்கரி அக்கா மட்டும் தன் சுருளைப் பிரித்து, துணியை நீவிப் பார்த்து, நாலு நூலையும் ஒன்றொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு மெக்கானிக் பக்கத்தில் வந்து, நன்றி பொங்கச் சொன்னார்:

"பின்னாடி நடந்ததுலயே எனக்குப் பாதி வலி நின்னுடுச்சு தம்பி. இதை முட்டிக்கு மேல கட்டணுமா, கீழ கட்டணுமா?"